முதலில் வயல், பிறகு கல்லறை

இங்கிலாந்துப் பள்ளிகள் பெல்ஜியத்துக்கும் வட பிரான்சுக்கும் கூட்டிச் செல்லும் போர்க்களப் பயணங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. விடிவதற்கு முன்பே பள்ளி வாசலில் கோச் வந்து நிற்கும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் தலையணையும் தின்பண்டப் பையுமாக ஏறுவார்கள். டோவரில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் கலே துறைமுகம். அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஈப்பர் நகரம். ஓரிரு நாள் ஈப்பரைச் சுற்றி, பிறகு ஒரு நாள் தெற்கே சோம் ஆற்றுப் பகுதியில், அதன்பின் ஊர் திரும்புதல். முதல் உலகப்போரின் நூற்றாண்டை ஒட்டி 2014-இல் பிரிட்டிஷ் அரசே இதற்கு ஒரு திட்டம் போட்டது. இங்கிலாந்தின் ஒவ்வோர் அரசு நிதிபெறும் உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் நான்கு நாள் போய்வர அது வழிசெய்தது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் இந்தப் போர் பாடத்தில் இருக்கிறது. பயணத்துக்கான கடிதம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டுபவர்கள் தமிழ்ப் பெற்றோர்தான். ஆகவே இந்தப் பயணம் எதைக் கற்றுத்தருகிறது என்ற கேள்வி நமக்கும் உரியதே.

வழக்கமான நிரலை எடுத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பாப்பரிங்கே அருகே லைசன்ட்ஹூக் கல்லறை, எஸெக்ஸ் ஃபார்ம் கல்லறை, லாங்கமார்க் கல்லறை, டைன் காட் கல்லறை, இரவு எட்டு மணிக்கு மெனின் வாயிலில் எக்காள அஞ்சலி, மறுநாள் தீப்வால் நினைவுச்சின்னம். நின்று பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை போர் முடிந்தபின் திட்டமிட்டு அமைக்கப்பட்டவை. மெனின் வாயில் திறக்கப்பட்டது 1927-இல், தீப்வால் 1932-இல். பிள்ளைகள் அங்கே பார்ப்பது போரை அல்ல, போரை எப்படி நினைவில் வைப்பது என்று பின்னால் வந்தவர்கள் எடுத்த முடிவுகளை. அந்த முடிவுகள் மதிக்கத்தக்கவை, பல வேளை பேரழகு கொண்டவை. ஆனால் அவற்றையே போரின் நேரடிச் சாட்சியமாகப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் வரலாற்றுப் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. போர்க்களத்தில் இரண்டு ஆவணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று நிலம், மற்றது நினைவுச்சின்னம். இரண்டையும் பிரித்துப் படிக்கக் கற்றுத்தந்தால்தான் நான்கு நாள் பள்ளியை விட்டு, இத்தனை பணம் செலவழித்துப் போவதற்குப் பொருள் உண்டு. அதற்கு வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் வயல், பிறகு கல்லறை.

நிலம் என்ன சொல்லும் என்பதற்கு ஈப்பரின் கிழக்குப் பக்கமே போதும். வரைபடத்தில் பாஷன்டேல் மேடு என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு மலையைத் தேடிப் போகிற பிள்ளை ஏமாந்துபோகும். ஈப்பரிலிருந்து அந்த மேட்டின் உச்சிவரை ஏறும் உயரம் நாற்பது மீட்டர் அளவுதான். அதுவும் ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறது. சைக்கிளில் போனால் மூச்சு வாங்காது. ஆனால் மேட்டில் நின்று மேற்கே திரும்பினால் ஈப்பரின் கோபுரங்கள் தெரிகின்றன. இடையில் உள்ள ஒவ்வொரு பண்ணை வீடும், ஒவ்வொரு பாதையும் தெரிகிறது. 1915 வசந்தத்திலிருந்து ஜெர்மன் படை நின்றது அந்த மேட்டில்; பிரிட்டிஷ் படை இருந்தது கீழே கிண்ணத்தில். 1917 ஜூலை 31-இல் தொடங்கி நவம்பர் 10 வரை நடந்த மூன்றாம் ஈப்பர்ப் போர் இந்த நாற்பது மீட்டருக்காகத்தான். அடியில் இருப்பது நீர் இறங்காத களிமண். தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் வெட்டிப் பேணிய வடிகால்களைப் பீரங்கிக் குண்டுகள் சிதைத்தன, ஆகஸ்டில் மழை கொட்டியது, வயல் சேறானது. இரு தரப்பிலும் தலா இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், காயம்பட்டார்கள், காணாமற்போனார்கள். முன்னேறியது ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். இந்த எண்களை வகுப்பறையில் சொல்லிவிடலாம். அந்த எட்டு கிலோமீட்டரில் இரண்டையாவது மழைக்காலத்தில் பூட்ஸோடு வயலோரமாக நடந்து பார்க்கிற பிள்ளைக்குத்தான், பூட்ஸில் அப்பும் அந்தக் களிமண் காலை விடாமல் பிடிக்கும்போதுதான், மேட்டிலிருந்து பார்ப்பவனுக்கும் கீழிருந்து ஏறுபவனுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். அந்த வயல்களில் உருளைக்கிழங்கு தோண்டும்போது இன்றும் குண்டுகள் வருகின்றன. விவசாயி அதை எடுத்து மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு ராணுவத்துக்குச் சொல்லி அனுப்புகிறார். பெல்ஜிய ராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவு ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் அள்ளிப்போகிறது. 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டுமானத் தளம் ஒன்றில் அப்படியொரு பழைய குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போர் முடிந்துவிட்டது என்று எந்தத் தேதியைப் பாடப்புத்தகம் சொன்னாலும் நிலம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இதைப் பார்த்தபின் டைன் காட்டுக்குள் நுழைவது வேறு அனுபவம். காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் உலகிலேயே பெரியது அது. ஏறத்தாழ 12,000 கல்லறைகள்; அவற்றில் எட்டாயிரத்துக்கு மேல் பெயர் தெரியாதவை. வெள்ளைக் கற்கள் அணிவகுப்பில் நிற்பதுபோல நேர்கோட்டில் நிற்கின்றன. பார்ப்பவருக்குத் தானாக வரும் எண்ணம், இவர்கள் இங்கேயே இப்படியே விழுந்து இங்கேயே அடக்கமானார்கள் என்பது. ஆனால் நடுவில் நிற்கும் பெரிய சிலுவைக்குப் பின்பக்கம் போனால், சில கற்கள் வரிசை தப்பி, கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று ஒட்டியும் விலகியும் கிடக்கின்றன. போர் நடந்தபோதே, அங்கே இயங்கிய சிகிச்சை நிலையத்தை ஒட்டிப் புதைக்கப்பட்ட முந்நூற்றுச் சொச்சம் பேர் அவர்கள்தாம். மற்ற உடல்கள் எல்லாம் போர் முடிந்தபின் சுற்றுவட்டார வயல்களிலிருந்தும் சிறு கல்லறைகளிலிருந்தும் எடுத்துவந்து வரிசையாக வைக்கப்பட்டவை. அந்தச் சிலுவையே ஒரு ஜெர்மன் கான்கிரீட் பதுங்கறையின்மேல் எழுப்பப்பட்டது. ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை அந்தக் கோணல் வரிசைக்கும் நேர் வரிசைக்கும் நடுவே நிறுத்தி ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டுவிட்டால், அன்றைய பாடத்தின் பாதி முடிந்தது. போர் எது, நினைவு எது என்பது அந்த இரண்டு வரிசைக்கும் இடையே கண்முன்னால் கிடக்கிறது.

கற்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் கல்லின் அடியில் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம் பொறிக்கச் சொல்லலாம் என்று போர்க் கல்லறை ஆணையம் இடம் கொடுத்தது. பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடிப் படிப்பார்கள். பெற்றோரின் குரல் அங்கே கேட்கிறது. ஆனால் டைன் காட்டில் பெரணி இலை பொறித்த நியூசிலாந்துக் கற்கள் நிறைய உண்டு. அவற்றில் குடும்ப வாசகம் கிடையாது. நியூசிலாந்துத் தாய்மாருக்குச் சொல்ல ஒன்றுமில்லையா? எல்லார் கல்லும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு முடிவெடுத்ததால் வந்த மௌனம் அது. வயதும் அப்படியே. எஸெக்ஸ் ஃபார்மில் 1916 ஜனவரியில் இறந்த வாலன்டைன் ஸ்ட்ரட்விக் என்ற பையனின் கல் இருக்கிறது. வயது பதினைந்து என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். எல்லாப் பள்ளிக் கோச்சுகளும் அங்கே நிற்கின்றன. வயது கல்லில் ஏறுவது குடும்பம் படிவத்தை நிரப்பி அனுப்பினால் மட்டுமே. வயது இல்லாத கற்களுக்கு அடியில் இன்னும் எத்தனை பதினைந்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கல் சொல்லாது. சேர்வதற்குப் பதினெட்டும் கடல் கடந்து போவதற்குப் பத்தொன்பதும் வயது என்று விதி இருந்தும், பொய் வயது சொன்ன பையன்களை மேசையின் மறுபுறம் இருந்தவர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் கல் சொல்லாது. அதைக் கேட்க வேண்டியது ஆசிரியர்.

இங்கே ஒரு தடை எழும் என்பது தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளையைச் சரிவு, களிமண், படிவம் என்று அலைக்கழிப்பதைவிட, தன் வயதுப் பையனின் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் அமைதியாக நிற்க வைப்பதுதான் ஆயுசுக்கும் நிற்கும் என்பார்கள். கல்லறையில் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்பவர்களும் உண்டு. முதல் வாதத்தில் உண்மை இருக்கிறது. உணர்ச்சியின்றி எந்த வரலாறும் பிள்ளையின் மனத்தில் தங்காது. ஸ்ட்ரட்விக்கின் கல்லுக்கு முன்னால் அழுகிற பிள்ளையை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அழுகை தானாக எந்தத் திசையையும் காட்டுவதில்லை. அதை யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் திருப்பிவிடலாம். இது ஊகமல்ல, ஈப்பரிலிருந்து அரை மணி தூரம்கூட இல்லாத லாங்கமார்க் அதற்குச் சான்று.

லாங்கமார்க் ஜெர்மானியர்களின் கல்லறை. ஓக் மரங்களின் நிழல், தரையோடு தரையாகப் பதித்த கற்கள், கருங்கல் சிலுவைகள், நுழைந்ததும் ஏறத்தாழ 25,000 பேரை ஒன்றாகப் போட்ட ஒரே குழி. மொத்தம் 44,000 பேருக்கு மேல். டைன் காட்டிலிருந்து நேரே இங்கே வரும் பிள்ளைகள், ஜெர்மானியர்கள் தங்கள் பிள்ளைகளை இப்படியா கைவிட்டார்கள் என்று கேட்பது இயல்பு. தோற்ற நாட்டுக்கு வென்றவர் மண்ணில் இடம் தாராளமாகக் கிடைக்காது; போதாக்குறைக்கு 1950-களில் ஃப்ளாண்டர்ஸில் சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகள் ஒப்பந்தப்படி நான்கே இடங்களில் ஒடுக்கப்பட்டன. இருளும் நெருக்கமும் அதனால் வந்தவை, பாசக்குறைவால் அல்ல. ஆனால் லாங்கமார்க்கின் முக்கியப் பாடம் இதைவிடப் பெரியது. 1914 நவம்பர் 11-ஆம் தேதி ஜெர்மன் ராணுவத் தலைமை, லாங்கமார்க்குக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் தேசப் பாட்டைப் பாடிக்கொண்டே பாய்ந்து எதிரியின் முதல் வரிசையைப் பிடித்தன என்று அறிவித்தது. சண்டை நடந்தது வேறோர் ஊருக்கு அருகில், அந்தப் படைகளில் மாணவர்கள் சிறுபான்மையினர், தாக்குதல் தோற்றது. ஆனாலும் படிப்பை விட்டுவிட்டுப் பாடியபடி மாண்ட மாணவர்கள் என்ற கதை ஜெர்மன் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. 1932-இல் கல்லறை திறக்கப்பட்டபோது மாணவர் அமைப்புகள் முன்னின்றன. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த நாஜிகள் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1940 ஜூனில் ஹிட்லர் இதே வாசல் வழியாக உள்ளே வந்தான். அந்த மாணவர்களின் கண்ணீர் பொய்யானதல்ல. இறந்தவர்களை அவர்கள் உண்மையாகவே நினைத்து உருகினார்கள். எந்த ஊர், எத்தனை மாணவர், தாக்குதல் என்ன ஆயிற்று என்று கேட்பது மட்டும் மரியாதைக் குறைவாகத் தோன்றியது. கேள்வி கேட்காத மரியாதை ஒரு தலைமுறையை அடுத்த போருக்கு அனுப்ப உதவியது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் ஐரோப்பாவில் வேறில்லை. அதைக் காட்டாமல் கறுப்பு மரங்களையும் நான்கு உலோகச் சிலைகளையும் மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிற கோச்சுகள் பெரிய வாய்ப்பைத் தவறவிடுகின்றன.

சோமில் நிலம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. போமோன்-ஹாமெல் அருகே நியூஃபவுண்ட்லாந்து நினைவுப் பூங்காவில் பதுங்குகுழிகள் புல் மூடிய பள்ளங்களாக அப்படியே இருக்கின்றன. 1916 ஜூலை 1 காலை ஒன்பதே காலுக்கு நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவின் ஏறத்தாழ 800 பேர் ஜெர்மன் வரிசையை நோக்கி நடந்தார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். முன்வரிசைக்குப் போகும் பள்ளங்கள் காயம்பட்டவர்களாலும் இறந்தவர்களாலும் அடைபட்டுக் கிடந்ததால், அவர்கள் பின்வரிசையிலிருந்தே மேலேறித் தங்கள் பக்கத்துத் திறந்த வெளியைக் கடக்க வேண்டியிருந்தது. பின்வரிசையில் நின்று பார்த்தால் தரை எதிரியை நோக்கிக் கீழே சரிவது தெரியும்; இறங்குகிறவன் ஒவ்வோர் அடியிலும் எதிரியின் கண்ணுக்கு முழு உருவமாகத் தெரிவான். அதோடு நின்றுவிடக் கூடாது. ஏன் அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டும். முந்தைய தாக்குதல் வென்றுவிட்டது என்பதற்கான சைகை என்று ஒரு வெள்ளை ஒளிக்குண்டைத் தவறாக எடுத்துக்கொண்டார்கள். தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. முன்னால் நடப்பது பின்னால் இருந்த தளபதிக்குத் தெரியவில்லை. தளபதிகள் முட்டாள்கள் என்ற ஒற்றை வரியோடு பிள்ளைகள் ஊர் திரும்புவதைவிட, செய்தி போய்ச்சேராத ஒரு படை எப்படித் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டு திரும்புவது மேல். பொறுப்பு அதனால் குறைந்துவிடாது. எங்கே என்பது தெளிவாகும்.

அதே நாளில் பிரிட்டிஷ் படை இழந்தவர்கள் 57,470 பேர். அதில் இறந்தவர்கள் 19,240. அந்த எண் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதே ஜூலை 1 அன்று களத்தின் தெற்குக் கோடியில், மோந்தோபான் கிராமத்தருகே, பிரிட்டிஷ் படை தன் இலக்குகளைப் பிடித்தது. பக்கத்தில் பிரெஞ்சுப் படையும் பிடித்தது. பிரெஞ்சுப் பீரங்கிகளின் துணை அங்கே கனமாக இருந்தது, ஜெர்மன் அரண் அங்கே வலுக்குறைவாக இருந்தது. கோச்சுகள் மோந்தோபானில் நிற்பது அரிது. தோல்வி நடந்த இடங்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, போர் என்றாலே அர்த்தமற்ற பலி என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்ததாகச் சொல்வது நேர்மையல்ல; முடிவை நிரலே எழுதிவிட்டது. நிலமும் தூய சாட்சியல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். நியூஃபவுண்ட்லாந்து பூங்காவே 1920-களில் ஒரு தோட்டக்கலை வல்லுநர் வடிவமைத்தது. ஃப்ளாண்டர்ஸின் குண்டுக்குழிகளைத் திரும்பிவந்த விவசாயிகள் நிரவிவிட்டார்கள். ஆனால் மரத்தை நடலாம், பள்ளத்தை மூடலாம். சரிவு மாறவில்லை, களிமண் மாறவில்லை. எது மாறியது, எது மாறவில்லை என்று பிரிப்பதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதியே. இதையெல்லாம் கணினித் திரையில் காட்டிவிடலாமே என்கிற வாதத்துக்கும் இதுதான் பதில். திரை, கல்லறையை நன்றாகக் காட்டும். நாற்பது மீட்டர்ச் சரிவைக் காலுக்குக் காட்டாது.

இனி, நிரலில் பெரும்பாலும் இல்லாத ஓர் இடம். ஈப்பருக்கும் சோமுக்கும் நடுவே, பிரான்சின் எல்லைக்குள், நெவ் ஷாபெல் கிராமத்தருகே ஒரு நாற்சந்தியில் இந்திய நினைவுச்சின்னம் நிற்கிறது. வட்ட மதிலும் தாமரைத் தலைகொண்ட தூணும் அதன் அடியில் இரண்டு புலிகளுமாக ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்தது, 1927-இல் திறந்தார்கள். மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை இல்லாமற்போன 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே உண்டு. 1915 மார்ச் 10 முதல் 13 வரை இங்கே நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியப் படை. கார்வால் ரைஃபிள்ஸின் கபர் சிங் நேகி இங்கேதான் விழுந்தார். விக்டோரியா கிராஸ் அவருக்கு இறந்தபின் வந்தது. இந்தச் சுவரில் அதிகாரி, சிப்பாய் எல்லாருக்கும் பெயர் உண்டு. டைன் காட்டில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்று பிள்ளைகள் கேட்டறிந்த சமத்துவக் கொள்கை இங்கேயும் செல்லுபடியானது.

ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே அது செல்லவில்லை. 1929-இல் மெசபொடேமியாவில் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணாக நின்றார்கள். தமிழர்களுக்கு இது நேரடியான செய்தி. மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபொடேமியாவில் பாலம் போட்டுப் பாதை வெட்டியவர்கள். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறக்கப்பட்டது. நம் ஊர்க்காரர்களில் அதிகம் பேர் போனது பெயர் பொறித்த களங்களுக்கல்ல, எண் பொறித்த களங்களுக்கு. போர்க் கல்லறை ஆணையம் நியமித்த குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது கணக்கிட்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. டைன் காட்டின் ஒரே அளவுக் கற்களை மட்டும் பார்த்துவிட்டு, இறந்தவர் எல்லாரையும் பேரரசு சமமாக நடத்தியது என்று நம்பி ஊர் திரும்பும் பிள்ளை பார்த்தது உண்மை, எட்டிய முடிவு தவறு.

நெவ் ஷாபெலைச் சேர்க்கச் சொல்வது, வகுப்பில் தெற்காசியப் பிள்ளைகள் இருப்பதால் அவர்களைத் திருப்திப்படுத்த ஓர் இடம் ஒதுக்குவதுபோல் ஆகிவிடாதா என்று ஆசிரியர்கள் சிலர் தயங்கலாம். அந்த நோக்கத்தோடு போனால் அப்படித்தான் ஆகும், போகாமலிருப்பதே மேல். ஆனால் இங்கே போவதற்கான காரணம் வேறு. மெனின் வாயிலில் 54,000-க்கு மேற்பட்ட பெயர்கள். இடம் போதாமல், பிரிட்டனைச் சேர்ந்தவர்களில் 1917 ஆகஸ்ட் 16 முதல் மறைந்தவர்களை டைன் காட்டின் சுவருக்கு மாற்றினார்கள். மெனின் வாயிலில் இடம் போதாதபோது இன்னொரு சுவர் எழுப்ப முடிந்தது. பாஸ்ராவில் எண் போதும் என்று முடிவானது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க நெவ் ஷாபெல்தான் பாலம். அது வெள்ளைப் பிள்ளைக்கும் கறுப்புப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே பாடம்.

அடுத்த ஆண்டு நிரலை எழுதும் ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவே. முதல் நாள் கல்லறைக்குப் போகும் முன் பாஷன்டேல் சரிவில் பிள்ளைகளை நடக்க விடுங்கள். லாங்கமார்க்கில் கதை எப்படிப் பிறந்தது என்று சொல்லுங்கள். தெற்கே சோமுக்கு இறங்கும் நாளில் நெவ் ஷாபெலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் பெற்றோர், பயணத்துக்கான கூட்டத்தில் கட்டணத்தையும் போர்வையையும் பற்றிக் கேட்கும்போது, நிறுத்தங்களின் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். அதில் அந்த நாற்சந்தி இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஈப்பரிலிருந்து அது நேர்த்தொலைவில் முப்பது கிலோமீட்டர். சோமுக்குப் போகும் வழியிலிருந்து பெரிய விலகல் இல்லை.